புள்ளி தெரியும் திரை

கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே உள்ள எங்கள் வீட்டின் முன்னறையில் 14 அங்குல மடிக்கணினி ஒன்றை வைத்துக்கொண்டு, கும்பாபிஷேக மலர்களுக்கும் பாடசாலைப் பரிசளிப்பு விழா மலர்களுக்கும் மெய்ப்புத் திருத்துவதும், இடைக்கிடையே மொழிபெயர்ப்பதும் என் தொழில். ஒரு பக்கத்தில் மூலப் பிரதியும் மறு பக்கத்தில் தட்டச்சான பக்கமும் ஒருசேரத் தெரிந்தால்தான் இந்த வேலை ஓடும். 14 அங்குலத் திரையில் இரண்டையும் விரித்தால் இரண்டையும் குனிந்து பார்க்க வேண்டியிருக்கும். பல ஆண்டுகள் அப்படிக் குனிந்ததன் பலனாகக் கழுத்து பிடித்துக்கொண்ட பின்னர்தான், மடிக்கணினியோடு வெளித்திரை ஒன்றை இணைக்கலாம் என்ற எண்ணம் வந்தது. எண்ணம் வந்த நாளிலிருந்து சரியான திரை மேசையில் நிலைகொள்ள ஐந்து மாதங்கள் சென்றன. அதற்குள் இரண்டு திரைகள் வீட்டுக்கு வந்து திரும்பிப் போயின. இரண்டிலும் பழுதென்று எதுவும் இல்லை. ஒன்று என் மடிக்கணினிக்குப் பொருந்தவில்லை; மற்றது என் வேலைக்குப் பொருந்தவில்லை.

எல்லோரையும் போல நானும் திரைகளைப் பற்றித்தான் முதலில் வாசித்தேன். நிறம், வளைவு, விளிம்பின் மெலிவு, விளையாட்டுக்கு உகந்த வேகம் என்று இரவிரவாக வாசித்து முடித்தபோது, என் மடிக்கணினியின் விலாப்புறத்தில் என்னென்ன போர்ட்டுகள் (கேபிள் செருகும் வாய்கள்) உள்ளன என்று யாரேனும் கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திராது. வெளித்திரை தேடுபவர் முதலில் செய்ய வேண்டியது மடிக்கணினியைத் தூக்கி, அடிப்பக்கத்து ஸ்டிக்கரில் உள்ள மாதிரி இலக்கத்தை எழுதிக்கொண்டு, அதைத் தயாரித்தவரின் இணையதளத்தில் அந்த இலக்கத்துக்குரிய விபரப் பக்கத்தைத் திறந்து, வெளித்திரை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதுதான். பத்து நிமிட வேலை. நான் அதை மூன்றாவது மாதத்தில் செய்தேன்.

முதலாவது திரை அக்கரைப்பற்றிலிருந்து வந்தது. என் மருமகன் தனக்கென வாங்கிச் சில மாதங்கள் பாவித்த 27 அங்குல 4கே திரையைக் காரின் பின் ஆசனத்தில் படுக்கவைத்துக் கொண்டுவந்து, "வெச்சிப் பாருங்க மாமா, சரிவந்தா எடுங்க" என்றான். எச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகியதும் படம் வந்தது. அசையாமல் நின்ற பக்கத்தைப் பார்த்தபோது அச்சிட்ட தாளைப் பார்ப்பது போலவே இருந்தது. ஆனால் மவுஸை அசைத்ததும் அம்புக்குறி விட்டுவிட்டுத் தாவியது. பக்கத்தைக் கீழே உருட்டினால் எழுத்துகள் இழுபட்டு வந்தன. விண்டோஸின் செட்டிங்ஸில் டிஸ்பிளே என்ற பகுதிக்குள் சென்று, அதன் அடியில் உள்ள அட்வான்ஸ்ட் டிஸ்பிளேயைத் திறந்தபோது, அந்தத் திரைக்கு நேரே 30 ஹேர்ட்ஸ் என்று இருந்தது. செக்கனுக்கு 60 தடவை புதுப்பிக்கப்பட வேண்டிய படம் 30 தடவை மட்டுமே புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. 60ஐத் தெரிவு செய்யலாம் என்றால் பட்டியலில் 60 என்ற இலக்கமே இல்லை.

காரணம் கணக்கில் இருக்கிறது. 4கே என்பது குறுக்கே 3840, நெடுக்கே 2160 பிக்ஸல்கள், அதாவது படத்தை ஆக்கும் நுண்ணிய ஒளிக்கட்டங்கள். அவற்றைச் செக்கனுக்கு 60 தடவை அனுப்புவதென்றால் ஏறத்தாழ 50 கோடி பிக்ஸல்கள். ஒரு பிக்ஸலுக்கு 24 பிட் என்று வைத்தால் செக்கனுக்கு 12 கிகாபிட் அளவு. என் மடிக்கணினியில் இருப்பது 2009இல் வெளியான எச்.டி.எம்.ஐ. 1.4. அதன் மொத்தக் கொள்ளளவே 10.2 கிகாபிட், அதிலும் ஐந்தில் ஒரு பங்கு குறிமுறைக்கே போய்விடும். 2013இல் வந்த எச்.டி.எம்.ஐ. 2.0 என்றால் 18 கிகாபிட் கிடைக்கும், 4கே திரை 60 ஹேர்ட்ஸில் ஓடும். 2017இன் 2.1 பதிப்பு 48 கிகாபிட் வரை செல்லும். மூன்று பதிப்புக்கும் வாய் ஒன்றேதான், கேபிளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், போர்ட்டின் அருகே பதிப்பு இலக்கம் பொறிக்கப்பட்டிருக்காது. சேனநாயக்க சமுத்திரத்து நீரை வாய்க்கால் வழியே முறை வைத்துப் பாய்ச்சும் ஊரில் வயல் வைத்திருக்கும் மருமகனுக்கு இதை விளக்குவது எளிதாயிற்று. "அப்ப வயல் பெருசு, வாய்க்கால் சின்னன், அதனால முறையப் பாதியாக் கொறச்சிட்டான்" என்றான். அதுவேதான். படம் அறவே வராமல் போயிருந்தால் பிழை உடனே தெரிந்திருக்கும். பாதி வேகத்தில் வந்ததனால், திரையில்தான் கோளாறு என்று ஒரு கிழமை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதே மடிக்கணினியில் நீள்வட்ட வடிவிலான யூ.எஸ்.பி.-சி போர்ட்டும் ஒன்று இருக்கிறது. அதன் வழியாக 4கே படத்தை முழு வேகத்தில் எடுக்கலாம் என்று வாசித்திருந்ததனால், கைப்பேசியின் சார்ஜர் கேபிளை எடுத்து மடிக்கணினியிலும் திரையிலும் செருகினேன். திரை "சிக்னல் இல்லை" என்றது. இந்த யூ.எஸ்.பி.-சி விடயத்தில்தான் மிகப் பலர் வழுக்கி விழுகிறார்கள் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

யூ.எஸ்.பி.-சி என்பது 2014இல் வரையறுக்கப்பட்ட ஒரு வாயின் வடிவம் மட்டுமே. அதனுள் என்ன பாய்கிறது என்பது மடிக்கணினியைத் தயாரித்தவர் உள்ளே எதை இணைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. ஒரு கணினியில் அது தரவை மட்டும் கொண்டுசெல்லும். இன்னொன்றில் சார்ஜும் செய்யும். வேறொன்றில், எச்.டி.எம்.ஐ. போலப் படம் அனுப்பும் இன்னொரு முறையான டிஸ்பிளேபோர்ட்டின் படத்தையும் சேர்த்துக் கொண்டுசெல்லும். கடைசி வகையை விபரப் பக்கங்களில் "டிஸ்பிளேபோர்ட் ஓல்ட் மோட்" (DisplayPort Alt Mode) என்று எழுதுவார்கள்; அந்தச் சொற்கள் அங்கே இருந்தால்தான் அந்த வாயிலிருந்து படம் வரும் என்று நம்பலாம். போர்ட்டின் அருகே சிறிய அடையாளம் இருந்தால் அதுவும் உதவும். ஆங்கில டி எழுத்தின் வயிற்றுக்குள் பி எழுத்து அடங்கியது போன்ற குறி டிஸ்பிளேபோர்ட்டுக்குரியது. மின்னல் கீற்று இருந்தால் தண்டர்போல்ட், தரவும் படமும் ஒன்றாகச் செல்லும் அதிவேக முறை. தண்டர்போல்ட் 3 அல்லது 4 என்றால் கவலையின்றிப் படம் வரும். சூலம் போன்ற யூ.எஸ்.பி. குறி மட்டும் தனியாக இருந்தால் அது தரவுக்கான போர்ட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். என்னுடையதில் சூலம்தான் இருந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன், முருகன் கைவிட்டார்.

கேபிளும் இதே கதைதான். கைப்பேசியோடு வரும் யூ.எஸ்.பி.-சி கேபிள்களில் பெரும்பாலானவை சார்ஜுக்கும் மெதுவான தரவுக்கும் மட்டும் போதிய கம்பிகள் உடையவை. படத்தைக் கொண்டுசெல்லும் அதிவேகக் கம்பிகள் அவற்றுக்குள் இருப்பதில்லை. ஆகவே படம் வராவிட்டால் குற்றவாளி கேபிளா, போர்ட்டா என்று பிரித்தறிய வேண்டும். காத்தான்குடியில் கைப்பேசி திருத்தும் நானா ஒருவர், தன்னிடம் இருந்த யூ.எஸ்.பி.-சியிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றும் அடப்டரைத் தந்து, "முதல்ல இதப் போட்டுப் பாருங்க, மறுகா கேபிள் வாங்குறதப் பாக்கலாம்" என்றார். அவருடைய கடையில் இருந்த இன்னொரு மடிக்கணினியில் அந்த அடப்டர் வேலை செய்தது, என்னுடையதில் செய்யவில்லை. அத்தோடு தீர்ப்பாயிற்று. ஐந்து நிமிடத்தில் முடிந்த அந்தச் சோதனை எனக்கு ஒரு நல்ல கேபிளின் விலையை மிச்சப்படுத்தியது.

போர்ட்டில் படம் வராதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. டிஸ்பிளேலிங்க் என்ற தொழில்நுட்பத்தில் இயங்கும் அடப்டர்களும் டொக்குகளும் (ஒரு வாயைப் பல வாய்களாக்கும் பெட்டிகள்), மென்பொருளை நிறுவிக்கொண்டால், சாதாரண யூ.எஸ்.பி. வழியாகவே படத்தைச் சுருக்கி அனுப்பும். எழுத்து வேலைக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் அந்தச் சுருக்கும் வேலையைக் கணினியின் செயலிதான் செய்கிறது. ஏற்கெனவே மூச்சுவாங்கும் பழைய மடிக்கணினிக்கு அந்தப் பாரத்தையும் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

அடப்டர்களைப் பற்றி இன்னொன்று. அவற்றுக்குத் திசை உண்டு. மடிக்கணினியில் டிஸ்பிளேபோர்ட்டும் திரையில் எச்.டி.எம்.ஐ.யும் இருந்தால் மலிவான மாற்றியே பெரும்பாலும் போதும். மடிக்கணினியில் எச்.டி.எம்.ஐ.யும் திரையில் டிஸ்பிளேபோர்ட்டும் இருந்தால், அதே கேபிளைத் தலைகீழாகச் செருகிப் பயனில்லை. மின்சாரம் பெற்று உள்ளே சமிக்ஞையை மாற்றும் அடப்டர் வேண்டும். கடைகளில் இரண்டையும் ஒரே கொக்கியில் தொங்கவிட்டிருப்பார்கள். திரையில் எச்.டி.எம்.ஐ. வாய் இருக்கிறதா என்று முதலே பார்த்து வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை. 15 ஊசி உடைய பழைய வி.ஜி.ஏ. வாய் மட்டுமே உள்ள திரையை யாரேனும் இலவசமாகத் தந்தாலும், எழுத்தைப் பார்த்துப் பிழைப்பவர்கள் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. அது 1987இல் வந்த அனலொக் முறை, எழுத்தின் ஓரங்கள் அதில் எப்போதும் சற்றே கரைந்துதான் தெரியும்.

மருமகனின் திரை அக்கரைப்பற்றுக்குத் திரும்பியது. அடுத்ததாக, மட்டக்களப்பு நகரில் ஒரு கடைக்குச் சென்று, என் மடிக்கணினியில் எச்.டி.எம்.ஐ. 1.4 இருக்கிறது என்று பெருமையோடு சொன்னேன். விற்பனையாளர், "அப்ப சேருக்கு இதுதான் சரி, எந்த லப்டொப்புக்கும் போடலாம்" என்று 27 அங்குல முழு எச்.டி. திரை ஒன்றைக் காட்டினார். அவர் சொன்னதில் பொய் இல்லை. 1920க்கு 1080 பிக்ஸல். 60 ஹேர்ட்ஸில் எனது போர்ட்டுக்கு அது பாதிச் சுமைகூட அல்ல. கடையில் ஓடிய கடற்கரைக் காணொளி அழகாக இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து பொருத்தி, கையில் இருந்த கும்பாபிஷேக மலரின் 43ஆம் பக்கத்தைத் திறந்தேன். அதில் "அவன் அருளால்" என்பது "அவன்" என்றிருக்கிறதா, "அவன" என்றிருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

எண்களாகச் சொன்னால் இது இப்படி. என் 14 அங்குல மடிக்கணினியின் முழு எச்.டி. திரையில் ஓர் அங்குலத்துக்கு 157 பிக்ஸல்கள். அதே எண்ணிக்கையான பிக்ஸல்களை 27 அங்குலத்துக்கு இழுத்து விரித்தால் அங்குலத்துக்கு 82 மட்டுமே. 10 பொயின்ட் எழுத்தைத் தாளில் உள்ள அதே அளவில் திரையில் வைத்தால், மடிக்கணினியில் அதன் உயரத்துக்கு ஏறத்தாழ 22 பிக்ஸல்கள் கிடைக்கின்றன. 27 அங்குல முழு எச்.டி. திரையில் 11 மட்டுமே கிடைக்கின்றன. அந்தப் பதினொன்றுக்குள் எழுத்தின் உடலும், மேலே ஏறும் சுழியும், கீழே இறங்கும் காலும், இவை அனைத்துக்கும் மேலே புள்ளியும் அடங்க வேண்டும். புள்ளிக்கு மிஞ்சுவது ஒரே ஒரு பிக்ஸல். அதுவும் இரண்டு பிக்ஸல்களின் எல்லையில் விழுந்தால், இரண்டுமே சாம்பல் நிறமாகி, புள்ளி இருப்பதற்குப் பதிலாகப் புள்ளி இருந்த இடம்தான் தெரிகிறது. ஆங்கிலத்தில் மட்டும் வேலை செய்பவர்களுக்கு இந்தத் திரை குறையாகப் படாமல் இருக்கலாம். அவர்களுடைய புள்ளி ஐ எழுத்திலும் ஜே எழுத்திலும் மட்டுமே இருக்கிறது, அது இல்லாவிட்டாலும் எழுத்து மாறுவதில்லை. நமக்குப் புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகிவிடும். கிகரத்தின் விசிறிக்கும் கீகாரத்தின் சுழிக்கும் உள்ள வேறுபாடும், ணகரத்துக்கும் னகரத்துக்கும் இடையே உள்ள ஒற்றைச் சுழியும் இதே கதிக்கு ஆளாகின்றன. ஏட்டில் புள்ளியிட்டால் ஓலை கிழியும் என்று புள்ளி இடாமலே எழுதிய முன்னோர், இடம் நோக்கி வாசித்துக்கொண்டார்கள். மெய்ப்புத் திருத்துபவர் இடம் நோக்கி வாசிக்கத் தொடங்கினால், பிழை அப்படியே அச்சுக்குப் போய்விடும்.

பக்கத்தைப் பெருப்பித்து வாசிக்கலாமே என்று கேட்கலாம். பெருப்பித்தால் ஒரு நேரத்தில் அரைப் பக்கம்தான் தெரியும். அரைப் பக்கத்துக்காக 27 அங்குலம் எதற்கு? எங்கள் பகுதி அச்சகங்களிலிருந்து இன்னும் பாமினி எழுத்துருவில் வரும் பக்கங்களில் மெல்லிய கோடுகள் முற்றாகவே மங்கின. நான்காம் நாள் திரையைத் திருப்பிக் கொண்டுபோனேன். பெட்டி பிரிக்கப்பட்டது என்று சொல்லி ஒரு தொகையைக் கழித்துக்கொண்டுதான் ஏற்றார்கள். மனவருத்தம்தான், ஆனாலும் எழுத்தை வைத்துப் பார்க்காமல் காணொளியைப் பார்த்து வாங்கியவன் நான்.

ஆகவே திரையின் அளவையும் பிக்ஸல் எண்ணிக்கையையும் பிரித்துப் பார்ப்பதில் பொருளில்லை என்பது என் முடிவு. முழு எச்.டி. போதும் என்பவர் 24 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அங்கே அங்குலத்துக்கு 92 அல்லது 93 பிக்ஸல்கள் இருக்கும், தமிழ் வாசிக்கலாம், நாள் முழுவதும் மெய்ப்புப் பார்ப்பதுதான் சிரமம். 21.5 அங்குலத்தில் 102 வரும். கையில் பணம் குறைவாக உள்ள மாணவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். 27 அங்குலம் வேண்டுமென்றால் 2560க்கு 1440 பிக்ஸல் உடையதை எடுக்க வேண்டும். அங்குலத்துக்கு 109 கிடைக்கும். 27 அங்குல 4கே திரையில் 163 கிடைக்கும். எழுத்துக்கு அதைவிடச் சிறந்தது வேண்டியதில்லை. ஆனால் அதில் எல்லாம் எறும்பளவாகத் தெரியும் என்பதால் விண்டோஸில் 150 வீதத்துக்குப் பெருப்பிக்க வேண்டிவரும். அப்போது மேசையில் கிடைக்கும் இடம் 1440 திரையில் கிடைப்பதே. பழைய மென்பொருள்கள் இந்தப் பெருப்பித்தலை அறியாதவை. 2001இல் வெளியான 7ஆம் பதிப்போடு நின்றுபோன பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளை இன்னும் விடாத அச்சகத்துக்காரர்களுக்கு, அது 4கே திரையில் கலங்கலாகத் தெரியும். அவர்களோடு கோப்பு பரிமாறும் எனக்கு இதுவும் ஒரு கணக்கு.

1440 திரையில் எனக்கு இருந்த ஒரே ஐயம் என் பழைய எச்.டி.எம்.ஐ. அதைத் தாங்குமா என்பது. 2560க்கு 1440 பிக்ஸல்களை 60 ஹேர்ட்ஸில் அனுப்பச் செக்கனுக்கு 22 கோடி பிக்ஸல்கள், அதாவது ஐந்தரைக் கிகாபிட்டுக்கும் குறைவு. 1.4 பதிப்பு தாங்கும். இதை விபரப் பக்கத்திலும் சரிபார்த்தேன். வெளித்திரைக்கு உச்ச அளவு என்ற வரியில் 4கே 30 ஹேர்ட்ஸ் என்று தெளிவாகவே எழுதியிருந்தது. அந்த ஒரு வரியை முதல் மாதத்திலேயே வாசித்திருந்தால் மருமகன் அத்தனை தூரம் காரில் வந்திருக்க வேண்டியதில்லை. 144 அல்லது 165 ஹேர்ட்ஸ் என்று பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும் திரைகளில், அந்த வேகம் டிஸ்பிளேபோர்ட்டில் மட்டும் கிடைத்து, எச்.டி.எம்.ஐ.யில் குறைவாக இருப்பதும் உண்டு. விளையாடாத எனக்கு அது பொருட்டல்ல.

அப்பிள் மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு வேறொரு கவலை. மச்சானின் மகள் எம்1 சிப் உடைய மக்புக் எயாருக்கு இரண்டு வெளித்திரைகளை இணைக்க ஆசைப்பட்டு, கொழும்பு யுனிட்டி பிளாஸாவில் இருந்து டொக் ஒன்றையும் எடுப்பித்தாள். அந்த எம்1 எயாரும் அதை அடுத்து வந்த எம்2 எயாரும் ஒரே ஒரு வெளித்திரையை மட்டுமே ஏற்கும். எம்3 எயார் மூடியை மூடினால் இரண்டை ஏற்கும். எம்4இல்தான் மூடி திறந்திருக்கும்போதே இரண்டு கிடைக்கின்றன. மேலே சொன்ன டிஸ்பிளேலிங்க் வகை அல்லாத டொக்கில் எத்தனை வாய் இருந்தாலும் சிப்பின் எல்லையைக் கூட்ட முடியாது. அவளுடைய இரண்டு திரைகளிலும் ஒரே படம்தான் வந்தது.

மூன்றாவது தடவை கடைக்குப் போனபோது மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு போனேன். பென் டிரைவில் மூன்று பக்கங்கள் இருந்தன: 10 பொயின்ட் யூனிகோட் எழுத்தில் ஒன்று, பாமினியில் ஒன்று, வெறும் வெள்ளையாக ஒன்று. காட்சிக்கு ஓடிக்கொண்டிருந்த 27 அங்குல 1440 திரையின் கேபிளைக் கழற்றி என் மடிக்கணினியில் செருகச் சொன்னேன். விற்பனையாளர் என்னைச் சற்று விசித்திரமாகப் பார்த்தாலும் மறுக்கவில்லை. 100 வீதத்தில் புள்ளிகள் ஒவ்வொன்றும் கறுப்பாக நின்றன. ஐ.பி.எஸ். வகைப் பனல், பக்கத்தில் இருந்து பார்த்தாலும் எழுத்தின் நிறம் மாறவில்லை. அருகே இருந்த வி.ஏ. வகைத் திரையில் கறுப்பு இன்னும் ஆழமாக இருந்தது. ஆனால் பக்கத்தை உருட்டும்போது எழுத்தின் பின்னால் நிழல் இழுபட்டது. படம் பார்ப்பவர்களுக்கு வி.ஏ. பிடிக்கும். மிக மலிவான டி.என். வகையில், மேலிருந்து பார்த்தால் ஒரு நிறம், கீழிருந்து பார்த்தால் ஒரு நிறம். விலையை இங்கே எழுதவில்லை. டொலர் ஏறி இறங்கும் நாட்டில் இன்று எழுதும் விலை அடுத்த மாதம் இதை வாசிப்பவரை ஏமாற்றும்.

நம் பகுதிக்கே உரிய சிலவற்றையும் கவனித்துத்தான் இந்தத் திரையை எடுத்தேன். முன்னறையின் யன்னல் கடலைப் பார்த்தது. காலை ஆறரைக்கே வெயில் மேசையில் விழுந்துவிடும். பளபளப்பான முகப்பு உடைய திரையாக இருந்தால் பத்து மணி வரை என் முகத்தைத்தான் மெய்ப்புப் பார்க்க வேண்டிவரும். ஆகவே மங்கல் பூச்சு உடையதைத் தெரிந்து, யன்னல் பக்கவாட்டில் வருமாறு மேசையைத் திருப்பினேன். உப்புக் காற்று போர்ட்டுகளின் உலோகத்தை மெல்ல அரிக்கும் என்பதால் கேபிளை அடிக்கடி கழற்றிப் பூட்டாமல் விட்டுவிட்டேன்; கச்சான் அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் மணலும் சேர்ந்து வரும், இரவில் பழைய சாரம் ஒன்றால் திரையை மூடிவைக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலுக்கு அஞ்சி, மின்மாற்றி தனிப்பெட்டியாக வெளியே இருக்கும் திரையையே கேட்டு வாங்கினேன். மின் தாக்கினால் பெரும்பாலும் அந்தப் பெட்டிதான் முதலில் போகும். அதே வோல்ட்டில் இன்னொன்றைக் கல்முனையிலேயே வாங்கிவிடலாம். மின்மாற்றி உள்ளேயே இருக்கும் திரை என்றால் முதுகைத் திறக்க வேண்டும். ஆனாலும் மின்னல் நாட்களில் பிளக்கைக் கழற்றிவிடுவதுதான் நிச்சயமான வழி; அன்றைக்கு எச்.டி.எம்.ஐ. கேபிளையும் மடிக்கணினியிலிருந்து உருவி விடுவேன்.

2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை மறக்காத நண்பர் ஒருவர், யூ.எஸ்.பி.-சியிலேயே மின்சாரம் பெறும் 15.6 அங்குலக் கையடக்கத் திரையை வாங்கச் சொன்னார். நல்ல யோசனைதான், ஆனால் அது படத்தோடு மின்சாரத்தையும் மடிக்கணினியிடமே கேட்கும், பற்றரி விரைவில் இறங்கும். அதற்கும் படம் வரும் யூ.எஸ்.பி.-சி போர்ட் இருந்தால்தான் ஒரே கேபிளில் வேலை முடியும். சூலக்குறிக்காரனான எனக்கு அது வாய்க்கவில்லை. சிறிய யூ.பி.எஸ். ஒன்று போதுமாக இருக்கிறது.

பொருத்திய பின்னும் கழுத்துவலி இரண்டு கிழமை விடவில்லை. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்க வேண்டும் என்று எல்லோரும் எழுதியிருந்தபடி, தேக்குப் பலகைத் துண்டை அடியில் வைத்து உயர்த்தியிருந்தேன். எனக்கு வெள்ளெழுத்து, கண்ணாடியின் கீழ்ப் பாதியால்தான் வாசிக்கிறேன். ஆகவே உயர்ந்த திரையை வாசிப்பதற்குத் தாடையைத் தூக்கிக்கொண்டு நாள் முழுவதும் இருந்திருக்கிறேன். இருபார்வைக் கண்ணாடி அணிபவர்கள் திரையைத் தாழ்த்தி, மேல் விளிம்பைச் சற்றுப் பின்னே சாய்த்து வைக்க வேண்டும். பலகையை எடுத்துவிட்டேன். உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் தாங்கி உடைய திரைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது வீண்செலவு அல்ல. அது இல்லையென்றால், 100 மில்லிமீற்றர் இடைவெளியில் நான்கு திருகாணித் துளைகள் திரையின் முதுகில் உள்ளனவா என்று பார்த்தால் பின்னர் கைத்தாங்கி ஒன்றைப் பூட்டலாம்.

பென் டிரைவில் வெள்ளைப் பக்கம் ஒன்றை எதற்காகக் கொண்டுபோனேன் என்று சொல்லவில்லை. ஒளிராத பிக்ஸல்களைக் கண்டுபிடிக்க வெள்ளையும், ஒளிர்ந்தபடியே நின்றுவிட்ட பிக்ஸல்களைக் கண்டுபிடிக்கக் கறுப்பும் வைத்துப் பார்க்க வேண்டும். காட்சித் திரையில் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டிவிட்டேன். எனக்குக் கட்டிக் கொடுத்ததோ பிரிக்கப்படாத இன்னொரு பெட்டி. மூன்றாம் நாள், ஒரு பதிகத்தின் கடைசி வரியில் "மன" என்று இருக்க வேண்டிய இடத்தில் "மன்" என்று கண்டு, சிவப்பு மையால் வட்டமிடுவது போல் குறிப்பும் எழுதிவிட்டு, பக்கத்தை உருட்டினேன். எழுத்து மேலே போயிற்று. புள்ளி அங்கேயே நின்றது. ஒற்றைப் பிக்ஸலுக்காகப் பெரும்பாலான உற்பத்தியாளர்கள் திரையை மாற்றித் தருவதில்லை. கடையில் கேட்டபோதும் அதைத்தான் சொன்னார்கள். வலது பக்கம், கீழிருந்து நான்கு விரல் உயரத்தில் இருக்கிறது. அந்த இடத்தில் மெய்யெழுத்து ஒன்று வந்து நின்றால், பக்கத்தை ஒரு வரி நகர்த்திப் பார்த்துவிட்டுத்தான் குறியிடுகிறேன்.